இசை படிக்காதவர்கள் கச்சேரி கேட்கப் பழகுவது எப்படி: சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டு வகுப்புக்குப் போகாதவர்கள், வீட்டில் பாடுபவர் யாரும் இல்லாதவர்கள், ஆனால் கர்நாடக இசையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் கேட்கத் தொடங்கிய காலத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் வழி கேட்டால், "நிறையக் கேளுங்கள், தானாக வரும்" என்பதுதான் பதிலாக இருந்தது. எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது, கேட்கும்போது எதைக் கவனிப்பது என்று எவரும் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன். கேள்வி ஞானத்துக்குப் பெரிய இசையறிவோ பெருஞ்செலவோ தேவையில்லை. சில பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கையில் தாளத்தோடு, திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமைதான் தேவை. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்க முடிந்தால், ஆறு மாதங்களில் ஒரு முழுக் கச்சேரியை வழிதவறாமல் பின்தொடரலாம்.

சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றைக் கற்பிக்கிறார்கள். கலை பண்பாட்டுத் துறை நடத்தும் இந்தப் பள்ளிகளில் 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களே சேர முடியும். உங்கள் வீட்டில் அந்த வயதில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் அங்கே விசாரியுங்கள். அந்த வயதைக் கடந்தவர்களுக்குக் கீழே உள்ள படிகள் உதவும்.

1. முதலில் வாங்க வேண்டியதும் வாங்கக் கூடாததும்

கைப்பேசி, காதில் மாட்டும் ஹெட்போன், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றும் போதும். ஹெட்போன் ஐந்நூறு ரூபாய் அளவில் இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அது இல்லாமல் தொடங்க வேண்டாம். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் 'டக் டக்' என்று கேட்கும். இடது பக்கமான தொப்பியின் கனத்த ஒலியும் தம்புராவின் ரீங்காரமும் ஏறக்குறைய மறைந்துவிடும். அந்த இரண்டும் இல்லாமல் கேட்டால் பாதி இசைதான் உங்களை வந்தடையும். எவ்வளவு நாள் கேட்டாலும் ஏதோ பிடிபடாதது போலவே இருக்கும். விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

இணையச் செலவைப் பொறுத்தவரை, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 60 எம்பி தரவை எடுத்துக்கொள்ளும். அதையே காணொளியாகப் பார்த்தால் பலமடங்கு ஆகும் என்பதால், ஒலி மட்டும் கிடைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அகில இந்திய வானொலியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 2016 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'ராகம்' என்னும் அலைவரிசை இந்துஸ்தானி, கர்நாடகம் இரண்டையும் ஒலிபரப்புகிறது. ஏற்காட்டில் வேலைக்காகத் தினமும் மலையேறி இறங்குபவர்கள் பாட்டுகளை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். பேருந்து இரைச்சலில் ஆலாபனை (பாட்டு வரிகளும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) எடுபடாது. நன்கு பழகிய பாட்டைத் திரும்பக் கேட்பதற்கு மட்டும் அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

2. சுருதியைக் காதில் நிறுத்துதல்

தம்புரா ஒலி தரும் செயலிகள் இலவசமாகவே உள்ளன. ஒன்றைப் பதிவிறக்கி, ஆண்கள் ஒரு கட்டையிலும் பெண்கள் ஐந்து கட்டையிலும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) வைத்து, காலையில் ஐந்து நிமிடம் வேறு வேலை எதுவும் இல்லாமல் கேளுங்கள். பிறகு அதனோடு சேர்ந்து 'ஸ' என்று வாய்க்குள் முனகுங்கள். உங்கள் குரல் தம்புராவோடு கலந்து தனியாகத் தெரியாமல் போகும் ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளி பிடிபட்டால் போதும். பாடுவதற்கான பயிற்சியாக இதைச் செய்யச் சொல்லவில்லை. பாடகர் எங்கே நிற்கிறார், எங்கிருந்து கிளம்பி எங்கே திரும்பி வருகிறார் என்பதைத் தெரிந்துகொள்ள இந்த 'ஸ' உங்கள் காதில் ஊன்றியிருக்க வேண்டும். இதற்கு இரண்டு வாரம் ஒதுக்கினால் போதும்.

3. எட்டுப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். இணையத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும் பட்டியலைப் போட்டுவிட்டால் நாள் முழுக்கப் புதுப்புதுப் பாட்டு வரும், ஆனால் ஒன்றும் மனத்தில் தங்காது. முதல் மூன்று மாதங்களுக்கு எட்டுப் பாட்டுகளைத் தாண்டாதீர்கள். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர் என்ற வரிசையில் நான் பரிந்துரைப்பவை இவை:

'நின்னுக்கோரி', மோகனம், ஆதி தாள வர்ணம் (கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் பாட்டு வகை).
'வாதாபி கணபதிம்', ஹம்சத்வனி, ஆதி, முத்துஸ்வாமி தீட்சிதர்.
'காபாலி', மோகனம், ஆதி, பாபநாசம் சிவன்.
'சபாபதிக்கு வேறு தெய்வம்', ஆபோகி, ரூபகம், கோபாலகிருஷ்ண பாரதி.
'அலைபாயுதே', கானடா, ஆதி, ஊத்துக்காடு வேங்கடகவி.
'என்ன தவம் செய்தனை', காபி, ஆதி, பாபநாசம் சிவன்.
'நிதி சால சுகமா', கல்யாணி, மிஸ்ர சாபு, தியாகராஜர்.
'குறை ஒன்றும் இல்லை', ராகமாலிகை (பல ராகங்களில் அமைந்த பாட்டு), ராஜாஜி.

கடைசிப் பாட்டைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய ராஜாஜி எழுதிய அந்தப் பாட்டை எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி நாம் எல்லோரும் பலமுறை கேட்டிருக்கிறோம். அது சிவரஞ்சனியில் தொடங்கி, காபிக்கு மாறி, சிந்து பைரவியில் முடிகிறது. ராகம் மாறுவது என்றால் என்ன என்பதை, ஏற்கனவே தெரிந்த மெட்டில், எந்த விளக்கமும் இல்லாமல் உங்கள் காதே உணர்ந்துகொள்ளும். நடுப்பகுதியைக் கேட்டுவிட்டு உடனே 'என்ன தவம் செய்தனை' பாட்டைப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள உறவு மெல்லப் புலப்படத் தொடங்கும்.

ஒவ்வொரு பாட்டையும் ஒரே பாடகர் குரலில் ஒரு வாரம் கேளுங்கள். அடுத்த வாரம் அதே பாட்டை வேறொருவர் குரலிலும், பிறகு வயலினிலோ புல்லாங்குழலிலோ கேளுங்கள். எது பாட்டுக்கு உரியது, எது பாடுபவர் சேர்த்தது என்பது அப்போதுதான் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர் என்று ஐந்து கட்டங்கள் போட்டு, ஆறாவதாகக் காதில் பட்ட ஏதேனும் ஒன்றைச் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். 'சரணத்தில் மேலே போய்ச் சற்று நின்றது' என்று எழுதினாலும் போதுமானதே. பின்னாளில் உங்களுக்கு மிகவும் பயன்படப்போகும் ஆவணம் அந்த நோட்டுதான்.

தெலுங்கோ சமஸ்கிருதமோ தெரியாதே என்று தயங்க வேண்டாம். தமிழ்ப் பாட்டுகளில் தொடங்குங்கள். மற்றவற்றுக்குப் பொருளுடன் அச்சிட்ட புத்தகங்கள் கிடைக்கின்றன. பல்லவியின் பொருள் தெரிந்தாலே பாட்டின் மனநிலை பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

4. கையில் தாளம்

எல்லாப் படிகளிலும் இதையே முதன்மையானது என்று நினைக்கிறேன். தாளம் போடாமல் கேட்பவரின் கவனம் சில நிமிடங்களில் கலைந்துவிடும்; கை தாளத்தில் இருந்தால் மனமும் அங்கேயே இருக்கும்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று வரிசையாக மூன்று. மறுபடியும் ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. பாட்டு இல்லாமல், நடக்கும் வேகத்தில், கை தானாகப் போகும் வரை இதைப் பழகுங்கள். அடுத்து 'நின்னுக்கோரி' வர்ணத்தைப் போட்டுச் சேர்ந்து போடுங்கள். ஆதி தாள வர்ணங்கள் தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குவதால் கை தடுமாறாது.

'வாதாபி கணபதிம்' போன்ற, கிருதி எனப்படும் பாட்டுகளில்தான் தடுமாற்றம் வரும். பாட்டின் முதல் எழுத்து எப்போதும் தாளத்தின் முதல் தட்டில் விழாது. அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளித் தொடங்குவது மிகச் சாதாரணம். அதை எடுப்பு என்பார்கள். முதல் எழுத்தைக் கேட்டதும் தாளத்தைத் தொடங்குபவர்களுக்குக் கடைசி வரை கை பொருந்தாது, தனக்கு லயமே (தாள உணர்வே) இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். இதற்கு ஒரே வழி, பாடகரின் கை தெரியும் காணொளியைப் பார்த்து, அந்தக் கையோடு சேர்ந்து போடுவது. தரவு கூடுதலாகச் செலவானாலும் இந்தப் படிக்கு மட்டும் காணொளி அவசியம்.

இரண்டாவது தடுமாற்றம், கச்சேரியின் முக்கியமான பெரிய பாட்டுகளில் வரும். அவை பல சமயம் இரண்டு களையில் இருக்கும். அதாவது ஒவ்வொரு எண்ணிக்கையையும் இருமுறை போடுவார்கள். பாடகர் ஒரே விரலை இருமுறை தட்டுவதைக் கண்டால் குழம்ப வேண்டாம், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ரூபகத்துக்குத் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்று எண்ணினால் 'சபாபதிக்கு' பாட்டுடன் பொருந்தும். மிஸ்ர சாபு ஏழு எண்ணிக்கை. மூன்றும் நான்குமாகப் பிரிந்து நடக்கும். அதை ஆதி தாளம் நன்றாகக் கைக்கு வந்த பிறகு எடுங்கள்.

5. ராகங்களை இணையாக வைத்துக் கேட்டல்

எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களின் (தாய் ராகங்களின்) பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவதில் புதியவர்களுக்குப் பயனில்லை. நெருங்கிய இரண்டு ராகங்களை அடுத்தடுத்துக் கேட்பதே காதைத் தீட்டும் வழி.

கைப்பேசியில் ஒரு கீபோர்டு செயலியைத் திறந்து, ஒன்றாம் வெள்ளைக் கட்டையை ('C' என்னும் கட்டையை) 'ஸ' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 5, 6 ஆகிய வெள்ளைக் கட்டைகளை மட்டும் மேலும் கீழுமாக வாசித்தால் மோகனத்தின் சுரங்கள் கிடைக்கும். ஆறாம் கட்டையை விட்டு ஏழாம் கட்டையை எடுத்தால் ஹம்சத்வனி. மீண்டும் மோகனத்துக்கு வந்து, மூன்றாம் கட்டைக்குப் பதிலாக அதற்குச் சற்று இடப்புறம் உள்ள கறுப்புக் கட்டையை எடுத்தால் சிவரஞ்சனி. ஒவ்வொரு முறையும் ஒரு சுரம்தான் மாறுகிறது, ஆனால் மோகனத்தின் மலர்ச்சி அப்படியே கரைந்து சிவரஞ்சனியின் ஏக்கம் வந்து அமர்கிறது. இதை ஒருமுறை விரலால் செய்து காதால் கேட்டவர்கள் ராகம் என்றால் என்னவென்று வேறு எவரையும் கேட்க மாட்டார்கள். உடனே 'காபாலி', 'வாதாபி', 'குறை ஒன்றும் இல்லை' மூன்றின் தொடக்கங்களையும் வரிசையாகக் கேளுங்கள்.

அடுத்த இணை சங்கராபரணமும் கல்யாணியும். மத்திமம் என்னும் 'ம' சுரம் ஒன்றில்தான் வேறுபாடு: முன்னதில் தாழ்ந்த சுத்த மத்திமம், பின்னதில் சற்று உயர்ந்த பிரதி மத்திமம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பாடகர் சுரத்தைக் கீபோர்டில் போல அசையாமல் நிறுத்துவதில்லை. கமகம் கொடுத்து அசைத்தும் வளைத்தும் பாடுவார். கீபோர்டில் வாசித்த ஒலியை அப்படியே ஆலாபனையில் தேடினால் கிடைக்காது. கீபோர்டு எலும்புக்கூட்டை மட்டும் காட்டும். ராகத்தை அதன் பிடிகளில், திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர் போன்ற சஞ்சாரங்களில்தான் அடையாளம் காண வேண்டும்.

சினிமாப் பாட்டுகளை வைத்து ராகம் கண்டுபிடிக்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக உள்ளது. தொடக்கத்தில் அது உதவத்தான் செய்யும். ஆனால் திரைப்பாட்டுகளில் இடையிசையிலும் சரணத்திலும் வேற்றுச் சுரங்கள் கலப்பது உண்டு என்பதால், அவற்றை நினைவுக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, முடிவைக் கிருதியைக் கேட்டபின் எடுங்கள்.

6. காசில்லாமல் கேட்க: கோயிலும் கல்யாண மண்டபமும்

சேலத்தில் சென்னையைப் போல நாள்தோறும் கச்சேரி நடப்பதில்லை. ஆனால் நாகசுரம் இருக்கிறது, அதைப் பலரும் கேட்பதே இல்லை. சுகவனேஸ்வரர் கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது சுவாமி புறப்பாட்டுக்குச் சற்று முன்பே போய் நில்லுங்கள். புறப்பாட்டின் தொடக்கத்தில் மல்லாரி வாசிப்பது மரபு. அது கம்பீர நாட்டையில், சாகித்தியம் இல்லாமல், தவிலோடு சேர்ந்து எழும். சொற்களே இல்லாததால், ராகத்தையும் லயத்தையும் மட்டும் கவனிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். கேட்டுப் பழக அது ஏற்ற இடம் அல்ல.

கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். சடங்குகள் நடந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் அவர்கள் நிதானமாக ராகம் வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும், "இது என்ன ராகம் ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டால் மகிழ்ச்சியுடன் சொல்வார்கள். கேட்பவர் இருப்பது தெரிந்தால் அடுத்த ராகத்தை இன்னும் விரித்து வாசிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஓதுவார் உள்ள கோயில்களில் தேவாரம் பாடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேவாரப் புத்தகத்தில் பதிகத்தின் தலைப்பிலேயே பண்ணின் (பழந்தமிழ் ராகத்தின்) பெயர் இருக்கும். பழம்பஞ்சுரம் என்று போட்டிருந்தால் அதைச் சங்கராபரணத்தில் பாடுவார்கள்.

7. முதல் கச்சேரி

நவராத்திரி, ராமநவமி நாட்களில் கோயில்களிலும் மண்டபங்களிலும் நடக்கும் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியை அந்த வாரங்களில் தவறாமல் பாருங்கள். கச்சேரி இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது என்று கணக்கிட்டு, ஏற்காட்டுக்கோ உட்கிராமங்களுக்கோ திரும்ப வேண்டியவர்கள் கடைசிப் பேருந்து நேரத்தைப் பேருந்து நிலையத்திலேயே கேட்டு உறுதிசெய்த பிறகு செல்லுங்கள்.

கால்மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். மிருதங்கக்காரர் தண்ணீரில் பிசைந்த ரவையைத் தொப்பியின் நடுவில் அப்பி, வலந்தலையின் விளிம்பைச் சிறு கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் விரலால் மீட்டிப் பார்த்து, தம்புராவோடு ஒட்டாத இடத்தை மறுபடியும் தட்டுவார். இரண்டாம் படியில் நீங்கள் பழகிய 'ஸ' உங்களிடம் இருந்தால், எந்தத் தட்டில் அது சேர்ந்தது என்பது உங்களுக்கே கேட்கும்.

வர்ணம், பிள்ளையார் பாட்டு, சில நடுத்தரக் கிருதிகள், பிறகு பிரதானப் பாட்டு, அதன்பின் துக்கடாக்கள் (சிறு பாட்டுகள்), தில்லானா (தாளச் சொற்கள் நிறைந்த விறுவிறுப்பான பாட்டு), மங்களம் என்பது பொதுவான வரிசை. பிரதானப் பாட்டுக்கு நீண்ட ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் (சுர எழுத்துகளை அந்த நேரத்திலேயே கோத்துப் பாடுவது), தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது) நான்கும் வரும். நிரவலில் ஒரே வரி பலவிதமாகத் திரும்ப வருவதையும், கற்பனைச் சுரம் ஒவ்வொரு முறையும் பாட்டின் எடுப்பில் வந்து இறங்குவதையும் கவனித்தால் போதும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து வெளியே போவார்கள். நீங்கள் போகாதீர்கள், நான்காம் படியில் பழகிய தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். வாசிப்பவர் எங்கெங்கோ சுற்றிவிட்டு உங்கள் கை விழும் அதே இடத்தில் வந்து சேரும்போது கிடைக்கும் நிறைவை வெளியே போனவர்கள் அறிய மாட்டார்கள். போகத்தான் வேண்டும் என்றால் இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் எழுந்து போங்கள்.

8. மார்கழியில் சென்னை, தை மாதத்தில் திருவையாறு

சென்னை இசைவிழா டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை நடக்கும். மாலைக் கச்சேரிகளுக்குக் கட்டணம் உண்டு. புகழ்பெற்றவர்களின் நுழைவுச்சீட்டு விரைவில் தீர்ந்துவிடும். பகலில் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். புதியவர்களுக்கு நான் பகல் கச்சேரிகளையே பரிந்துரைப்பேன்: முன்வரிசையில் இடம் கிடைக்கும், பாடகரின் கை தெரியும், ஒரே நாளில் இரண்டு மூன்று கச்சேரிகள் கேட்கலாம்.

ரயிலில் இப்போது 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்குகிறது. டிசம்பர் 20 பயணத்துக்கு அக்டோபர் 21 காலை 8 மணிக்கே பதிவு செய்துவிடுங்கள், ஏனெனில் அரையாண்டு விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் சேரும். ஈரோட்டிலிருந்து சேலம் வழியாகச் செல்லும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவில் ஏறினால் அதிகாலையில் சென்னையில் இறக்கிவிடும். படுக்கைப் பெட்டியில் சில நூறு ரூபாய்தான் ஆகும். அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். சென்டிரலுக்கு எதிரே உள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கினால் மயிலாப்பூர் சபாக்களுக்கு நடந்தோ ஆட்டோவிலோ போய்விடலாம். அன்றிரவே திரும்பினால் தங்கும் செலவு மிச்சம்.

தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் நடக்கும். ஜனவரியில் வரலாம், பிப்ரவரியிலும் வரலாம் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கிருதிகளை அன்று காலையில் கலைஞர்கள் சேர்ந்து பாடுவார்கள். ஐந்தும் ஆதி தாளம் என்பதால் உங்கள் கை தடையில்லாமல் உடன் செல்லும். சாகித்தியப் புத்தகத்தை முன்னதாகவே வாங்கி, ஒரு மாதம் பதிவில் கேட்டுப் பழகிவிட்டுப் போங்கள். சேலத்திலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் பேருந்தில் செல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். பந்தலில் இடம் கிடைக்க விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும் என்பதால், முதல் நாள் இரவே தஞ்சாவூருக்குப் போய்த் தங்கிவிடுங்கள். விழா நாட்களில் அறைகள் கிடைப்பது கடினம், தேதி தெரிந்த உடனே பதிவு செய்துவிடுங்கள்.